ஆர்கேட் பட்டன் ஒயரிங்: மோட்டார் பேனல் பழக்கம் கைகொடுப்பதும் காலை வாருவதும்

போர் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பேனல் கட்டிய கைக்கும், சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கு லிமிட் சுவிட்ச் மாற்றிய கைக்கும் வீட்டில் ஆர்கேட் கேம் பேனல் (குச்சியும் பட்டனும் வைத்து வீடியோ கேம் ஆடும் பலகை) செய்வது பெரிய வித்தையில்லை. பட்டனுக்கு அடியில் இருக்கும் மைக்ரோசுவிட்ச் பழகிய சாமான்தான். காம் (பொது முனை), என்.ஓ. (அழுத்தினால் காமோடு சேரும்), என்.சி. (அழுத்தினால் பிரியும்) என்று மூன்று முனை. ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டன் என்.ஓ., சிவப்பு என்.சி. கேம் பட்டன் எல்லாமே பச்சை ரகம். காமிலும் என்.ஓ.விலும் ஒயர் மாட்டிவிட்டு என்.சி.யைச் சும்மா விட்டுவிடுங்கள். தவறி என்.சி.யில் மாட்டினால், கேம் திறந்ததுமே ஆள் தானாகக் குத்திக்கொண்டே இருப்பான். பட்டனை அழுத்தினால்தான் நிற்பான்.

காலை வாருவது கரண்ட் விஷயம். சுவிட்சின் முதுகில் '16 ஆம்பியர், 250 வோல்ட்' என்பது போல அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பட்டன் அழுத்துவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் என்கோடர் போர்டு யு.எஸ்.பி.யின் 5 வோல்ட்டில் ஓடுவது; பட்டன் வழியே போகும் கரண்ட் மிகச் சொற்பம். கனமான வெள்ளிக் கான்டாக்டில் பெரிய லோடு ஓடும்போது பொறி தட்டி அழுக்கு எரிந்துபோகும். 5 வோல்ட்டில் பொறியும் இல்லை, சுத்தமும் இல்லை. அதனால்தான் தறியில் கழற்றிய, பஞ்சு படிந்த பழைய சுவிட்ச் இங்கே விட்டுவிட்டு வேலை செய்கிறது. காசு மிச்சம் என்று அதைப் போடாதீர்கள்.

230 வோல்ட் இந்தப் பெட்டிக்குள் வரவே கூடாது. மானிட்டர், ஸ்பீக்கர் சப்ளையைத் தனித் தடுப்பில் வையுங்கள். விளக்கு எரியும் பட்டன் 12 வோல்ட் ரகமாக இருந்தால் இன்னும் கவனம்: விளக்கு முனையும் சுவிட்ச் முனையும் வேறு வேறு. 12 வோல்ட் சிக்னல் முனையில் பட்டால் போர்டு போய்விடும்.

வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய 1.5 சதுர மி.மீ. ஒயரும் வேண்டாம். அதன் விறைப்பே சுவிட்சைப் பட்டனிலிருந்து பிடுங்கிவிடும். 0.25 முதல் 0.5 சதுர மி.மீ. வரை பல இழை ஒயர் போதும். நேரடியாகச் சால்டர் வைத்தால் சூட்டில் பிளாஸ்டிக் இளகி முனை நகரும். ஒயர் நுனியில் லக் (முனையில் செருகும் உலோகத் துண்டு) போட்டு கிரிம்ப் செய்வதே, அதாவது இடுக்கியால் நசுக்கிப் பிடிக்க வைப்பதே நல்லது. முனையின் அகலத்தை அளந்துவிட்டு லக் வாங்குங்கள். 4.8 மி.மீ., 2.8 மி.மீ. இரண்டும் புழக்கத்தில் உண்டு. மோட்டார் சாமான் கடையில் கிடைக்கும் 6.3 மி.மீ. லக் 4.8 முனையில் ஏறும், ஆனால் ஆடும்.

ஒரு ஆளுக்கு ஜாய்ஸ்டிக் 4, அடிக்கும் பட்டன் 6, ஸ்டார்ட், காயின் என்று 12 சிக்னல். இரண்டு பேருக்கு 24. பெரும்பாலான போர்டுகளில் எல்லாவற்றுக்கும் கிரவுண்ட் ஒன்றுதான். உங்கள் போர்டிலும் அப்படித்தானா என்று மல்டிமீட்டரில் பீப் (இணைப்பு இருந்தால் வரும் ஒலி) பார்த்து உறுதி செய்த பிறகு, எல்லா காம் முனைகளையும் பூமாலை கோத்த மாதிரி ஒரே ஒயரில் கோத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு லக் கழன்றால் அதற்கு அப்பால் உள்ள பட்டன் அத்தனையும் செத்துவிடும். மாலையின் கடைசி நுனியையும் போர்டின் கிரவுண்டுக்கே கொண்டுவந்து சேர்த்தால் ஒரு இடம் விட்டாலும் ஆட்டம் நிற்காது.

பல ஜாய்ஸ்டிக்குகளில் குச்சியை மேலே தள்ளினால் அழுங்குவது கீழ்ப்பக்க சுவிட்ச். 'மேல்' ஒயரை மேலே மாட்டிவிட்டு போர்டைக் குறை சொல்பவர்களே அதிகம்.

மூடி போடுமுன் ஒவ்வொரு பட்டனையும் அழுத்தி மீட்டரில் பாருங்கள். அழுத்தினால் பீப், விட்டால் அமைதி. ஒயரை லேசாக இழுத்துக்கொண்டே இன்னொரு தடவை பாருங்கள். சரியாகக் கிரிம்ப் ஆகாத லக் அப்போதுதான் மாட்டும்.