கண்ணுக்கு மட்டும் மறைய வேண்டும்

படுக்கையறைச் சுவரில் டிவியை மாட்டி முடித்த அன்று எனக்கு ரொம்பத் திருப்தி. செட்-டாப் பாக்ஸையும் கேம் கன்சோலையும் கீழே ஒரு மர அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். ஒரு ஒயர்கூட வெளியே தெரியவில்லை. இரவு படுத்துக்கொண்டு ரிமோட்டை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு பல நாள், கட்டிலிலிருந்து காலை நீட்டிக் கட்டைவிரலால் கதவைத் திறப்பதும், சேனலை மாற்றுவதும், மறுபடி காலாலேயே சாத்துவதுமாக ஓடியது.

நான் செய்த தப்பு எளிமையானது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. சாமான்களை மறைப்பது என்றால் அந்த ஒளியை மட்டும் மறித்தால் போதும். ரிமோட்டிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளி உள்ளே போக வேண்டும், சூடான காற்று வெளியே வர வேண்டும், என்றைக்காவது பிளக்கைப் பிடுங்க நம் கை போய்வர வேண்டும். கனமான மரக்கதவுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

ரிமோட்டை எடுத்துக்கொள்வோம். அதன் நுனியில் இருக்கும் குட்டி எல்இடி, பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளத்தில் மின்னும். நமக்குத் தெரியாது. ஆனால் போனின் செல்ஃபி கேமராவுக்கு எதிரே பிடித்துப் பட்டனை அழுத்தினால், பல போன்களில் அது வெளிர் ஊதாவாகத் துடிப்பதைப் பார்க்கலாம். ரிமோட் கெட்டுப்போனதா, பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று சோதிக்கவும் இதே வழிதான்.

அந்தத் துடிப்பில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒயரில்லாத முதல் டிவி ரிமோட்டை 1955-இல் யூஜீன் பாலி என்ற பொறியாளர் ஜெனித் நிறுவனத்துக்காகச் செய்தார். டார்ச் லைட் மாதிரி ஒரு கருவி. டிவி திரையின் நான்கு மூலைகளிலும் ஒளியை உணரும் செல்கள். எந்த மூலையில் வெளிச்சம் அடிக்கிறோமோ அதற்கேற்ற வேலை நடக்கும். சிக்கல் என்னவென்றால், ஜன்னல் வழியே வெயில் மூலையில் விழுந்தாலும் டிவி அதைக் கட்டளை என்று நினைத்துக்கொள்ளும். இன்றைக்கும் வெயிலிலும் குண்டு பல்பிலும் அகச்சிவப்பு ஏராளமாகக் கொட்டுகிறது. அந்த வெள்ளத்தில் ரிமோட்டின் ஒளியை மட்டும் எப்படிப் பிரித்தறிவது?

அதற்குத்தான் ரிமோட் தன் ஒளியை நொடிக்குச் சுமார் 38,000 முறை அணைத்து அணைத்து ஏற்றுகிறது. பெட்டியில் உள்ள உணரி அந்த வேகத்தில் துடிக்கும் ஒளிக்கு மட்டும் காது கொடுக்கும். வெயில் போல நிலையாக இருப்பதையும் பல்பு போல மெதுவாகத் துடிப்பதையும் வடிகட்டித் தள்ளிவிடும். பரவலாகப் புழங்கும் என்இசி என்ற குறியீட்டு முறையில், முதலில் அந்த வேகத்தில் மின்னும் ஒளி 9 மில்லிநொடிக்கு நீண்ட ஒரு துடிப்பாக வரும். ‘கவனி’ என்று தட்டி எழுப்புவது மாதிரி. பிறகு 4.5 மில்லிநொடி மௌனம். அப்புறம் குட்டிக் குட்டித் துடிப்புகள். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி குறைவாக இருந்தால் 0, அதிகமாக இருந்தால் 1. கட்டளையை ஒரு முறை அனுப்பிவிட்டு, உடனே அதையே தலைகீழாகப் புரட்டி, 0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றி, இன்னொரு முறையும் அனுப்பும். இரண்டும் பொருந்தினால்தான் பெட்டி கீழ்ப்படியும். மொத்தமும் பத்தில் ஒரு நொடிகூட ஆகாது.

இவ்வளவு நேர்த்தியும் மரப்பலகை முன்னால் செல்லாக்காசு. ஆனால் வேறு சில பொருள்கள் கண்ணை மறித்து அகச்சிவப்பை விட்டுவிடும். உங்கள் டிவியின் கீழ் விளிம்பில் பளபளப்பான கறுப்புத் துண்டு ஒன்று இருந்தால் உற்றுப் பாருங்கள். ரிமோட் உணரி பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான் இருக்கும். நமக்கு அது கறுப்பு, 940 நானோமீட்டருக்குக் கண்ணாடி. அலமாரிக் கதவிலும் அதே வித்தையைச் செய்யலாம். சாயமேற்றிய கண்ணாடிக் கதவு பெரும்பாலும் ஒத்துவரும். ஸ்பீக்கர் துணியும் பிரம்புப் பின்னலும் இன்னும் நல்லது, காரணம் கொஞ்சத்தில் வருகிறது.

கதவை மாற்ற முடியாதவர்களுக்கு ரிப்பீட்டர் உண்டு. டிவிக்கு அடியில் ஒட்டும் ஒரு குட்டி உணரி, மெல்லிய ஒயர், மறுமுனையில் ஒரு எல்இடி மணி. இந்த மணியை செட்-டாப் பாக்ஸின் உணரி மேலேயே ஒட்டிவிட்டால், வெளியே வாங்கிய துடிப்பை உள்ளே அப்படியே ஒப்பிக்கும். புளூடூத் ரிமோட் என்றால் இந்தக் கவலையே இல்லை. சுமார் 12 சென்டிமீட்டர் நீள ரேடியோ அலைகள் மரத்தைத் தாண்டிப் போய்விடும். உலோகத்தைத்தான் தாண்டாது. டிவியின் முதுகிலேயே செருகிய ஸ்ட்ரீமிங் ஸ்டிக்குக்கு வைஃபை தடுமாறுவதும் அதனால்தான்: அதன் முன்னால் ஒரு பெரிய உலோகத் தகடு நிற்கிறது. சாண் நீள நீட்டிப்பு ஒயரில் அதை டிவியின் ஓரத்துக்கு இழுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சரி, சூடு. பெட்டிக்குள் போகும் மின்சாரம் எவ்வளவு வாட்டோ, கிட்டத்தட்ட அவ்வளவும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்தில் 18 மி.மீ. பிளைவுட்டால் ஆன மூடிய பெட்டி ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டேன். 15 வாட் செட்-டாப் பாக்ஸ் மட்டும் உள்ளே இருந்தால், உள்காற்று அறையைவிட ஆறேழு டிகிரி கூடுதலாகச் சூடாகி நின்றுவிடும். பலகை வழியாகவே சூடு கசிந்துவிடுகிறது, பயமில்லை. அதே பெட்டிக்குள் 150 வாட் இழுக்கும் கன்சோலை ஓட விட்டால் கணக்கு 60 டிகிரிக்கு மேல் காட்டுகிறது. அவ்வளவு தூரம் போகாது. அதற்கு முன்பே கன்சோல் தானாக அணைந்துவிடும். மூடிய அலமாரி ஒருவர் வீட்டில் பிரச்சினையில்லாமல் ஓடுவதும் இன்னொருவர் வீட்டில் அடுப்பாவதும் இந்த வாட் கணக்கில்தான் இருக்கிறது.

கன்சோலுக்குக் காற்று வேண்டும். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 1,200 ஜூல் பிடிக்கும். 150 வாட்டை, காற்று 10 டிகிரிக்கு மேல் சூடேறாமல் வெளியேற்ற வேண்டுமென்றால் நொடிக்கு 12 லிட்டருக்குமேல் காற்று ஓட வேண்டும். நொடிக்கு ஒரு வாளிக் காற்று! பின்பலகையில் ஒயருக்காகப் போட்ட ரூபாய் நாணய அளவு ஓட்டைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது. சூடான காற்று மேலே ஏறும் என்பதால், அலமாரியின் அடியில் ஒரு திறப்பும் உச்சியில் ஒரு திறப்பும் இருந்தால் புகைபோக்கி மாதிரி தானே இழுத்துக்கொள்ளும். பின்னல் கதவோ துணிக்கதவோ போட்டால் முன்பக்கம் முழுக்கத் திறப்புதான். அதனால்தான் அவற்றை நல்லது என்றேன்: ரிமோட்டுக்கும் காற்றுக்கும் ஒரே பதில். சூட்டைச் சும்மா விட்டுவிட்டால் என்ன என்று கேட்டால், உள்ளே இருக்கும் மின்பகு கெப்பாசிட்டர்கள், அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் திரவம் நிரம்பிய குட்டி உருளைகள், காய்ந்துபோகும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் கைக்கணக்கு.

அடுத்தது ஒயர். இதில் நான் பட்டது பெரிய பாடு. முன்பொரு முறை, சுவரில் காடி வெட்டி, படத்தையும் ஒலியையும் டிவிக்குக் கொண்டுவரும் 10 மீட்டர் ஹெச்டிஎம்ஐ கேபிளை அதில் பதித்து, மேலே பூசி, பெயின்டும் அடித்தாயிற்று. பல வருடம் அருமையாக ஓடியது. பிறகு 4கே டிவி வாங்கி அதே கேபிளைச் செருகினேன். படத்தில் மினுமினுவென்று வெள்ளைப் புள்ளிகள். திடீரென்று திரை இரண்டு நொடி கறுத்துத் திரும்பி வரும். டிவி மேல்தான் சந்தேகப்பட்டேன். சின்னக் கேபிள் ஒன்றைக் கடன் வாங்கிச் செருகியதும் படம் பளிச்சென்று வந்துவிட்டது.

கேபிள் கெடவில்லை, அதன் மேல் ஏற்றிய சுமைதான் கூடிவிட்டது. 1080பி படம் நொடிக்கு 60 ஃபிரேம் ஓட, ஹெச்டிஎம்ஐ கேபிளில் நொடிக்குச் சுமார் 445 கோடி பிட்டுகள், அதாவது 0-க்களும் 1-களும், போக வேண்டும். 4கே படத்துக்கு அது சரியாக நான்கு மடங்கு, கிட்டத்தட்ட 1,780 கோடி. அது மூன்று ஜோடிக் கம்பிகளில் பகிர்ந்து போகிறது. ஒரு ஜோடியில் ஒரு பிட் இருக்கும் நேரம் நானோநொடியில் ஆறில் ஒரு பங்கு. கம்பியில் சமிக்ஞை நானோநொடிக்கு ஏறக்குறைய 20 செ.மீ. ஓடும். அப்படியென்றால் ஒரு பிட்டின் நீளம் மூன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. என் சுவருக்குள் கிடந்த 10 மீட்டர் கேபிளில், எந்த நேரத்திலும் ஒவ்வொரு ஜோடியிலும் சுமார் 300 பிட்டுகள் எறும்பு வரிசை போல ஊர்ந்துகொண்டிருந்தன.

வேகம் கூடக் கூட, மின்னோட்டம் செம்புக் கம்பியின் உடம்பை விட்டுத் தோலுக்கு ஒதுங்கிவிடும். 3 கிகாஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 300 கோடி முறை அதிரும்போது, அந்தத் தோலின் தடிமன் ஒரு மைக்ரோமீட்டருக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். கம்பி எத்தனை பருமனாக இருந்தாலும் ஓடுவது அந்த மெல்லிய தோலில் என்பதால் தடை ஏறுகிறது. கம்பியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் கொஞ்சம் தின்கிறது. 0-வும் 1-உம் மழுங்கி ஒன்றோடொன்று இழைந்துவிடும். பழைய ஆன்டெனா டிவியில் சமிக்ஞை குறைந்தால் படம் கொஞ்சம் கொஞ்சமாகப் புழுதி படியும். டிஜிட்டலில் அந்தத் தாட்சண்யம் கிடையாது. ஒரு எல்லை வரை படம் குறையே இல்லாமல் இருக்கும், எல்லை தாண்டினால் புள்ளிகள், அப்புறம் இருட்டு. 4கே-க்குச் செம்புக் கேபிள் சில மீட்டர் வரைதான் நம்பகமானது. அதற்கு மேல் ஆப்டிகல் ஹெச்டிஎம்ஐ உண்டு. அதன் ஒரு தலையில் குட்டி லேசர்கள் மின்சாரத்தை ஒளியாக்கும், மறுதலை அதைத் திரும்ப மின்சாரமாக்கும். அது ஒருவழிப் பாதை. எந்தத் தலை டிவிக்கு என்று அதிலேயே எழுதியிருக்கும். மாற்றி இழுத்துவிட்டு முழிப்பவர்கள் நிறையப் பேர்.

ஆகவே சுவரில் கேபிளைப் பதிக்காதீர்கள், பைப்பைப் பதியுங்கள். சுவர் பல பத்தாண்டு நிற்கும், கேபிள் தரமோ சில வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது: 2013-இல் வந்த ஹெச்டிஎம்ஐ 2.0-வின் உச்சம் நொடிக்கு 18 கிகாபிட் (1,800 கோடி பிட்), 2017-இல் வந்த 2.1-க்கு 48. பைப்பின் அளவைக் கேபிளின் பருமனைப் பார்த்து முடிவு செய்வதுதான் வழக்கமான பிழை. உள்ளே நுழைய வேண்டியது கேபிளின் தலை. அது ஏறத்தாழ 2 செ.மீ. அகலமும் 4 செ.மீ. நீளமும் உள்ள விறைப்பான கட்டை. 25 மி.மீ. பைப்பில் நேராகப் போய்விடும், முதல் வளைவிலேயே சிக்கிக்கொள்ளும். 40 அல்லது 50 மி.மீ. பைப், எல்போவுக்குப் பதில் அகலமான வளைவு, உள்ளே நிரந்தரமாக ஒரு நைலான் கயிறு. கயிறு போட மறந்துவிட்டால், மெல்லிய நூலில் ஒரு துண்டு பிளாஸ்டிக் பையைக் கட்டி ஒரு முனையில் விட்டு, மறுமுனையில் வாக்குவம் கிளீனரை வையுங்கள். நூல் சரேலென்று வந்து சேரும்.

டிவியின் பவர் கார்டை இந்தப் பைப்பில் சேர்த்து இழுக்க ஆசை வரும். வேண்டாம். சூடாகும் என்று சொல்வார்கள், அது உண்மையான காரணமில்லை. 100 வாட் டிவி 230 வோல்ட்டில் அரை ஆம்பியருக்கும் குறைவாக இழுக்கிறது. 120 வோல்ட்டில்கூட ஒரு ஆம்பியரை எட்டாது. அதனால் ஒயரில் பிறக்கும் சூடு மிகச் சொற்பம். உண்மையான ஆபத்து, அடுத்த வருடம் அதே சுவரில் படம் மாட்ட ஆணி அடிக்கப்போகும் கை. வளையும் கார்டின் மெல்லிய உறை அதற்குத் தாங்காது, உள்ளே உரிந்துபோனாலும் யாருக்கும் தெரியாது. பல நாடுகளின் மின் விதிகள் அதைச் சுவருக்குள் மறைக்கவே அனுமதிப்பதில்லை. டிவிக்குப் பின்னாலேயே எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஒரு பிளக் பாயின்ட் வைத்துவிட்டால் தீர்ந்தது. அதற்கான லைன் தனிப் பைப்பில், செங்குத்தாக வரட்டும்.

சுவரை உடைக்க வழியில்லாதவர்கள் சுவர் மேலேயே ஒயரை மூடும் பிளாஸ்டிக் கேசிங் ஒட்டிப் பெயின்ட் அடிப்பார்கள். அதே நிறம் அடித்தும் ஏன் தெரிகிறது? நம் விழித்திரை பரப்பைவிட விளிம்பைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்து ஒளி உணரிகள் ஒன்றையொன்று அமுக்கும்போது, வெளிச்சம் மாறும் கோடு மட்டும் தூக்கலாகும். ஹார்ட்லைன் என்ற விஞ்ஞானி இதைக் குதிரைலாட நண்டின் கண்ணில் அளந்து காட்டினார், 1967-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கட்டில் பக்கத்து விளக்கு பக்கவாட்டில் அடிக்கும்போது ஒரு சென்டிமீட்டர் உயரக் கேசிங்குக்குப் பின்னால் நிழல்கோடு விழும், கண் உடனே அதைப் பிடித்துக்கொள்ளும். நிறத்தைவிட உயரத்தைக் குறைப்பதுதான் பலன் தரும். டிவியிலிருந்து தரை வரை ஒரே நேர்கோட்டில் இறக்கிவிட்டாலும் கண் அதைச் சுவரின் அமைப்பு என்று எடுத்துக்கொண்டு போய்விடும்.

கடைசியாக, விளக்கை அணைத்த பிறகுதான் தெரியும் ஒரு தொல்லை. பகலில் கண்ணிலேயே படாத செட்-டாப் பாக்ஸின் நீல எல்இடி, துணிக்கதவு வழியே இரவில் அறை முழுக்க ஒளிரும். இருட்டில் நம் பார்வை, விழித்திரையில் நிறம் காணும் கூம்புச் செல்களிலிருந்து மங்கிய வெளிச்சத்துக்கான கோல் செல்களுக்கு மாறிவிடுகிறது. கோல் செல்களுக்கு 500 நானோமீட்டரையொட்டிய நீலப்பச்சைதான் மிகப் பளிச்சென்று படும், சிவப்பு ஏறக்குறைய தெரியவே தெரியாது. எனவே அந்த எல்இடி மேல் கறுப்பு டேப்பை ஒட்டினேன், நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் ரிமோட் மறுபடி வேலை செய்யவில்லை. பேட்டரியை மாற்றினேன், செல்ஃபி கேமராவில் பார்த்தேன், ஊதா ஒளி நன்றாகவே துடித்தது. எல்இடிக்கு அரை சென்டிமீட்டர் தள்ளித்தான் அந்தப் பெட்டியின் ரிமோட் உணரி இருந்தது. டேப்பை அதன் மேலேயும் சேர்த்து ஒட்டியிருந்தேன்.