கட்சிச் சார்பா, கட்சிப் பற்றா?

அமெரிக்கத் தேர்தல் செய்திகளைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் தவறாமல் வந்து நிற்கும் சொல் ‘பார்ட்டிசன்’. இதைக் ‘கட்சிச் சார்புள்ள’, ‘பக்கச்சார்பான’, ‘ஒருதலைப்பட்சமான’ என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரிதான். ஆனால் ஒரு சராசரி அமெரிக்கர் தன் கட்சியோடு எப்படி ஒட்டிக்கொள்கிறார் என்ற செய்தி இந்தச் சொற்களில் நழுவிப் போகிறது.

முதலில் வேர். இலத்தீனில் ‘பார்ஸ்’ என்றால் பகுதி. அதிலிருந்து இத்தாலியில் ஒரு பக்கத்தைச் சேர்ந்தவனைக் குறிக்கும் சொல் பிறந்து, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ‘பார்ட்டி’யும் அதே குடும்பம்தான். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியிலும் யூகோஸ்லாவியாவிலும் மலைகளில் ஒளிந்திருந்து ஜெர்மானியப் படையோடு மோதியவர்களும் ‘பார்ட்டிசன்’ என்றே அழைக்கப்பட்டார்கள். ஆக, ஒரு பக்கம் கருத்தளவில் சாய்வது மட்டுமல்ல, அந்தப் பக்கத்து ஆளாகவே ஆகிவிடுவதும் இந்தச் சொல்லுக்குள் அடக்கம்.

நம் ‘கட்சி’க்கும் ஒரு பழைய பொருள் உண்டு: பறவையின் கூடு, விலங்கு ஒதுங்கும் புகலிடம். வேட்டுவர் விரட்ட, ‘கட்சி காணாக் கடமா’ என்று புறநானூறு சொல்வது ஒதுங்க இடம் தெரியாமல் ஓடும் காட்டு மாட்டை. இன்றைய அரசியல் பொருள் அதிலிருந்துதான் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அமெரிக்க வாக்காளரைப் படிக்கப் படிக்க இந்தக் கூடுதான் என் நினைவுக்கு வருகிறது.

ஏன் என்றால், அங்கே 1952 முதல் தேசியத் தேர்தல் ஆய்வில் கேட்கப்படும் ஒரு கேள்வியைப் பாருங்கள். ‘பொதுவாக, உங்களை நீங்கள் குடியரசுக் கட்சிக்காரர் என்று நினைக்கிறீர்களா, ஜனநாயகக் கட்சிக்காரர் என்றா, சுயேச்சை என்றா, வேறு ஏதாவதா?’ எந்தக் கட்சிக்கு ஓட்டு, எந்தக் கொள்கை பிடிக்கும் என்றெல்லாம் அது கேட்பதில்லை. உங்களை நீங்கள் யாராக நினைக்கிறீர்கள் என்று கேட்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆங்கஸ் கேம்ப்பெல், பிலிப் கான்வர்ஸ், வாரன் மில்லர், டொனால்ட் ஸ்டோக்ஸ் ஆகிய நால்வரும் இந்த விடைகளை வைத்து 1960இல் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பெரும்பாலோர் கொள்கைகளை எடைபோட்டுக் கட்சியைத் தேர்வதில்லை. கட்சி முதலில் வந்துவிடுகிறது, கொள்கைகளை அதன் வழியாகத்தான் பார்க்கிறார்கள். மதம் வீட்டிலிருந்து வருவதுபோலக் கட்சியும் வீட்டிலிருந்தே வருகிறது.

வீட்டிலிருந்து எந்த அளவுக்கு வருகிறது என்று கென்ட் ஜென்னிங்ஸும் ரிச்சர்ட் நீமியும் 1965இல் பள்ளி இறுதியாண்டு மாணவர்களிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் தனித்தனியாகக் கேட்டார்கள். ஏறத்தாழ பத்தில் ஆறு பிள்ளைகள் பெற்றோர் இருந்த அணியிலேயே இருந்தார்கள். எதிர்க்கட்சிக்கே தாவியவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. மற்றவர்கள் இடையில் எங்கோ நின்றார்கள். ஓட்டுரிமை வயது 21 ஆக இருந்த காலம் அது. ஒரு ஓட்டுகூடப் போடுவதற்கு முன்பே பிள்ளைகளிடம் கட்சி குடியேறிவிட்டது.

இதைச் ‘சார்பு’ என்று சொன்னால் போதாது. சார்தல் என்றால் சாய்தல், சாய்ந்தவர் நிமிர்ந்துகொள்ளலாம். ‘பற்று’ வேறு. பேச்சில் அது ‘பத்து’. சோறு ஒட்டிக் காய்ந்த பாத்திரம் பத்துப் பாத்திரம். தலைவலிக்கு நெற்றியில் போடும் பத்து, காய்ந்தபின் தோலைப் பிடித்து இழுக்கும். ‘பார்ட்டிசன்ஷிப்’ என்பதற்குக் ‘கட்சிப் பற்று’ என்பதே பொருத்தம் என்று நான் உறுதியாக நினைப்பது இதனால்தான்.

சார்புக்கும் வேலை இருக்கிறது. அந்தக் கேள்விக்குச் ‘சுயேச்சை’ என்று விடை சொல்பவரிடம் அடுத்து, ‘சரி, எந்தக் கட்சிக்குக் கொஞ்சம் நெருக்கம்?’ என்று கேட்பார்கள். பெரும்பாலோர் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். இவர்களை ஆங்கிலத்தில் சாய்பவர்கள் என்றே குறிக்கிறார்கள். ‘கட்சிச் சார்பினர்’ என்ற பெயர் இவர்களுக்குத்தான் பொருந்தும். (இவர்களை ‘நடுநிலையாளர்’ என்று எழுதுவது தவறு. ஓட்டுப் போடும்போது இவர்கள் ஏறக்குறைய கட்சிக்காரர்களைப் போலத்தான் நடந்துகொள்கிறார்கள்.)

பற்று எவ்வளவு கெட்டி என்பதற்கு அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஒரு வழக்கு உண்டு: ‘மஞ்சள் நாய் ஜனநாயகக் கட்சிக்காரர்’. குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போடுவதைவிட, ஒரு மஞ்சள் நாய் தன் கட்சியில் நின்றால் அதற்கே போடுவேன் என்பவர். குடியரசுக் கட்சியின் லிங்கன் அதிபராக இருந்தபோது நடந்த உள்நாட்டுப் போரின் காயத்தில் பிறந்த பற்று அது. 1964இல் ஜனநாயகக் கட்சி அதிபரின் ஆட்சியில், இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சிவில் உரிமைகள் சட்டம் வந்தபோது வெள்ளையர்களிடம் அது விரிசல் கண்டது. அந்த ஆண்டு தென் மாநிலமான மிசிசிப்பியில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் கோல்ட்வாட்டர் 87 சதவீத வாக்குகளை அள்ளினார். கறுப்பின மக்களில் மிகப் பலரால் அன்று அங்கே ஓட்டே போட முடியவில்லை என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும். அப்படியும், தென்பகுதியின் பிரதிநிதிகள் சபை இடங்களில் பெரும்பான்மை குடியரசுக் கட்சிக்குப் போக 1994 வரை ஆயிற்று. முப்பது ஆண்டுகள்! சாய்வு என்றால் ஒரே தேர்தலில் மாறியிருக்கும்.

இப்போது பற்றோடு வெறுப்பும் சேர்ந்துகொண்டது. உங்கள் பிள்ளை மாற்றுக் கட்சி வீட்டில் சம்பந்தம் செய்தால் வருத்தப்படுவீர்களா என்று 1960இல் கேட்டபோது ஆம் என்றவர்கள் 5 சதவீதம் அளவே. 2010இல் அதேபோலக் கேட்டதற்குக் குடியரசுக் கட்சியினரில் பாதிப்பேர், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவர் ஆம் என்றார்கள். இதைக் ‘கட்சிக் காழ்ப்பு’ என்று பிரித்து எழுதுவது நல்லது. பற்று வேறு, காழ்ப்பு வேறு.

அப்புறம் இன்னும் இரண்டு சொற்கள். ‘பைபார்ட்டிசன்’ என்பதை ‘இருதரப்பு’ என்று எழுதினால் இரு நாட்டு உறவோடு குழம்பும். ‘இருகட்சி ஆதரவுடன்’ என்பது தெளிவு. ‘நான்பார்ட்டிசன்’ என்பதற்குக் ‘கட்சி சாராத’ போதும். நெப்ராஸ்கா மாநிலச் சட்டமன்றத் தேர்தல் அப்படிப்பட்டது. வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் மட்டும் இருக்கும், பக்கத்தில் கட்சிப் பெயர் இருக்காது. யார் எந்தக் கட்சி என்று ஊருக்குத் தெரியும்; சீட்டில் அச்சடிப்பதில்லை, அவ்வளவுதான்.