கான், ஞான், வீரியா

யாங்கூனில் ஒரு தமிழ் வீட்டுப் பையன் கணக்குத் தேர்வில் தவறினால், "அவனுக்கு நேரம் சரியில்லை" என்பார் பாட்டி. "கணக்கு அவன் மண்டையில் ஏறாது" என்பார் சித்தப்பா. அம்மாவோ, "உட்கார்ந்து படித்தால்தானே!" என்பார். பர்மியர்கள் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் 'கான், ஞான், வீரியா' என்பார்கள். பாலி மொழி வழியாக வந்த சொற்கள் இவை. நம் கன்மம், ஞானம், வீரியத்துக்கு உறவுமுறை. பர்மிய வழக்கில் முறையே வினைப்பயன், அறிவு, முயற்சி.

வெற்றி தோல்விக்கு நாம் சொல்லும் காரணங்களை 1970களில் அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் வைனர் வகுத்த பட்டியலிலும் அதிர்ஷ்டம், திறமை, முயற்சி மூன்றும் உண்டு. நான்காவது, வேலையின் கடினம். ஒவ்வொரு காரணத்தையும் அவர் மூன்று கேள்விகளால் சோதித்தார். அது எனக்குள் இருக்கிறதா, வெளியிலா? நிலையானதா, மாறுவதா? என் கைக்கு அடங்குமா? முதல் கேள்விக்கான பதில் தன்மதிப்பைத் தொடும். இரண்டாவது, அடுத்த முறை என்ன ஆகும் என்ற எதிர்பார்ப்பைத் தீர்மானிக்கும். மூன்றாவதில்தான் உணர்ச்சி பிரிகிறது: 'படிக்கவில்லை' என்று நினைப்பவனுக்குக் குற்றவுணர்வு வரும், அது அவனைப் புத்தகத்தின் முன் உட்காரவைக்கும். 'மூளை இல்லை' என்று நம்புபவனுக்கு வருவது அவமானம். அவன் புத்தகத்தையே மூடிவிடுவான்.

வைனர் அதிர்ஷ்டத்தை வெளியே இருப்பது, கைக்கு அடங்காதது என்று வைத்தார். கான் அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. அது அவரவர் செய்த வினையின் பயன். தானதருமத்தால் நல்வினையைச் சேர்க்கலாம். யாங்கூனின் புகழ்பெற்ற பௌத்தத் தலமான ஷ்வேடகோன் பகோடாவைச் சுற்றி, கிழமைகளுக்கென எட்டு கிரக மூலைகள் உண்டு (புதன்கிழமை மட்டும் இரண்டாகப் பிரியும்). பிறந்த கிழமைக்குரிய மூலையில் நீர் வார்ப்பவர் கைகட்டி உட்கார்ந்திருப்பவர் அல்ல. விதியை நம்புகிறவர் முயலமாட்டார் என்ற முடிவு இங்கேதான் தவறாகிறது. ஒரே சொல்லை ஒவ்வொரு பண்பாடும் வேறு கட்டத்தில் வைக்கிறது.

காரணம் சொல்லும் இந்தப் பழக்கம் பிறவியிலேயே வருவதில்லை. 1984இல் உளவியலாளர் ஜோன் மில்லர் வெளியிட்ட ஆய்வில், பிறர் செயலுக்குக் காரணம் சொல்வதில் மைசூர்ச் சிறுவர்களும் அமெரிக்கச் சிறுவர்களும் பெரிதாக வேறுபடவில்லை. பெரியவர்களில் அமெரிக்கர் அந்த ஆளின் குணத்தையும், மைசூர்க்காரர் சூழலையும் கூடுதலாகச் சுட்டினர். 2001இல் வெளியான இன்னோர் ஆய்வில், தோற்றபின் அதே வகைப் பயிற்சியைக் கூடுதல் நேரம் தொடர்ந்தவர்கள் ஜப்பானிய மாணவர்கள். வட அமெரிக்க மாணவர்கள் வென்றபின் தொடர்ந்தார்கள்.

முயற்சியைச் சொல்வதிலும் ஒரு கண்ணி உண்டு. இரவெல்லாம் கண்விழித்துப் படித்தும் தவறிய பிள்ளையிடம் "இன்னும் படி" என்றால், மிச்சமிருக்கும் ஒரே காரணம் தன் மூளைதான் என்று அது முடிவுகட்டிவிடும். அந்தப் பிள்ளையுடன் தவறிய கணக்குகளை வரிவரியாகப் பாருங்கள். சூத்திரம் மறந்ததா, கேள்வி புரியவில்லையா, கூட்டலில் சறுக்கலா? அப்போது காரணம் 'படித்த முறை' ஆகிறது: உள்ளே இருப்பது, மாறுவது, கைக்கு அடங்குவது.