விவாகரத்துக்கு வக்கீல்: பெண்களுக்கு இலவசமாகவே கிடைக்கும்

விவாகரத்து வரை யோசித்துவிட்ட பல பெண்கள், வக்கீல் ஃபீஸுக்குப் பயந்தே பேசாமல் இருந்துவிடுகிறார்கள். சிலர், கணவர் வீட்டார் நீட்டிய பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வக்கீலைத் தேடுகிறார்கள். இரண்டுக்கும் அவசியமில்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன் 12-ஆவது பிரிவுப்படி, பெண் என்ற ஒரே காரணமே இலவச வக்கீல் பெறப் போதும். வருமான வரம்பு கிடையாது. சம்பாதிக்கும் பெண்ணுக்கும் உண்டு. ஆண்களில் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் போன்றோருக்கும், மாநில அரசு வைத்த வருமான வரம்புக்குள் வருவோருக்கும் இந்த உதவி உண்டு.

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். தாலுகா அளவில் வட்ட சட்டப் பணிகள் குழு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலே அங்கே எழுதிக்கொள்வார்கள். வக்கீல் ஃபீஸ் மட்டுமல்ல, நீதிமன்றக் கட்டணம், டைப்பிங், நகல் செலவும் இதில் அடங்கும்.

வழக்குப் போட முடிவெடுத்த பிறகுதான் போக வேண்டும் என்றில்லை. வெறும் ஆலோசனை கேட்பதும் இந்த உரிமையில் சேர்ந்ததுதான். சேர்ந்து வாழ்வதா, பிரிவதா என்று குழம்பி நிற்கும்போதே போவது நல்லது என்பேன்.

போகும்போது கல்யாணப் பதிவுச் சான்று, அது இல்லாவிட்டால் அழைப்பிதழும் போட்டோவும், குழந்தைகளின் பிறப்புச் சான்று, கணவரின் வருமானம் தெரியும் ஏதாவது ஒரு காகிதம், போட்ட நகைகளின் பட்டியல், கிடைத்தால் ரசீது ஆகியவற்றை எடுத்துப் போங்கள். உங்களுக்குப் பாதகமான விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வழக்குக்காக நீங்கள் வக்கீலிடம் சொல்வதை, உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் வெளியிடக் கூடாது, அது சட்டம். எதிர்த்தரப்பு கோர்ட்டில் சொல்லித்தான் உங்கள் வக்கீலுக்கே தெரிய வருகிறது என்றால், அவரால் அங்கே சமாளிக்க முடியாது.

அப்புறம், கேட்க வேண்டியவை. இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருபவர்கள் பொதுவாகக் கல்யாணமாகி ஓராண்டு முடியாமல் மனு போட முடியாது; விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். மனைவி தான் இப்போது வசிக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனு போடலாம். வழக்கு நடக்கும்போதே அதே இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆவது பிரிவின் கீழ் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே, கணவரின் சம்பளம் சரியாகத் தெரியவில்லையே என்று ஜீவனாம்சம் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

பரஸ்பர சம்மத விவாகரத்தில்தான் அதிகக் கவனம் தேவை. ஓராண்டாவது பிரிந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகு ஆறு மாதக் காத்திருப்பு. பொருத்தமான வழக்குகளில் இந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-இல் தீர்ப்பு வந்தது. சீக்கிரம் முடிகிறதே என்று ஒப்பந்தத்தைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். ‘இனி எந்தக் காலத்திலும் ஜீவனாம்சமோ நகையோ கேட்க மாட்டேன்’ என்ற ஒரு வரி நடுப் பக்கத்தில் இருக்கக்கூடும். குழந்தை யாரிடம், எந்த நாளில் யார் பார்ப்பது என்பதும் அதில்தான் இருக்கும். வரிக்கு வரி விளக்கச் சொல்லுங்கள். வெற்றுத்தாளிலோ நிரப்பாத பத்திரத்திலோ கையெழுத்து வேண்டவே வேண்டாம், கேட்பவர் உறவுக்காரராக இருந்தாலும் சரி.

ஆணைக்குழு நியமித்த வக்கீல் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. கேட்டாலோ, வாய்தாவுக்கு வராமல் இருந்தாலோ, ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து வேறு வக்கீலைக் கேட்கலாம். விண்ணப்பத்தையே நிராகரித்தால், ஆணைக்குழுத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம்.