பெயரை நீக்கினால் போதுமா?

கைபேசிச் செயலிகளின் தனியுரிமைக் கொள்கையில் ‘பெயரையும் எண்ணையும் நீக்கிய பிறகே உங்கள் தகவலைப் பிறருக்குத் தருகிறோம்’ என்று எழுதியிருக்கிறார்களே, பெயரே இல்லாத தகவலால் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் பெயரை நீக்கிய தகவலிலும் ஆள் அடையாளம் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகிறது.

1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களுக்கான காப்பீட்டு ஆணையம், ஏறத்தாழ 1,35,000 பேரின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்கு வழங்கியது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் அதில் அப்படியே இருந்தன. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் அப்போது ஆய்வு மாணவியாக இருந்த லடான்யா ஸ்வீனி, அந்த மாநிலத்தின் ஆளுநர் வசித்த கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி, இரண்டையும் பொருத்திப் பார்த்தார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்ட் பிறந்த அதே தேதியில் பிறந்தவர்கள் பட்டியலில் ஆறு பேர் இருந்தனர். அவர்களில் ஆண்கள் மூவர். ஆளுநரின் அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் ஒருவரே. ஆளுநரின் மருத்துவப் பதிவு எது என்பது அத்துடன் தெரிந்துவிட்டது.

இதற்குப் பெருக்கல் தெரிந்தால் போதும். ஆண்டுக்கு 365 நாட்கள், ஏறத்தாழ 80 வயது வரை, பாலினம் இரண்டு என்று வைத்துப் பெருக்கினால் 58,400 சேர்க்கைகள் வருகின்றன. இந்தியாவில் ஏறத்தாழ 19,000 பின்கோடுகளும் 140 கோடி மக்களும் உள்ளதால், ஒரு பின்கோட்டுக்குச் சராசரியாக 70,000 பேருக்குச் சற்று மேல். பிறந்த நாட்கள் சமமாகப் பரவியிருப்பதாகக் கொண்டால், நான்கில் ஒருவருக்கு மேல் தம் சேர்க்கையில் தன்னந்தனியாக நிற்பார். படித்த பட்டத்தையோ தொழிலையோ நான்காவதாகச் சேர்த்தால் தனித்து நிற்பவர்கள் இன்னும் பலராவார்கள். அமெரிக்காவின் அஞ்சல் குறியீட்டுப் பகுதிகள் சிறியவை என்பதால், அங்கே மூன்று விவரங்களிலேயே 87 விழுக்காட்டினர் தனித்துத் தெரிவதாக 1990 கணக்கெடுப்பைக் கொண்டு ஸ்வீனி மதிப்பிட்டார். பின்னர் 2000 கணக்கெடுப்பைக் கொண்டு ஃபிலிப் கோல் செய்த மதிப்பீடு 63 விழுக்காடு. குறைவான எண்ணை எடுத்துக்கொண்டாலும் அது பாதிக்கு மேல்.

அப்படியானால் மக்களைப் பற்றி எதையும் அறியாமலேயே இருந்துவிட வேண்டுமா? தேவையில்லை. 1965-இல் ஸ்டான்லி வார்னர் என்ற அமெரிக்க அறிஞர் வெளியிட்ட ஒரு முறை இதற்கு வழி காட்டுகிறது. புள்ளியியலில் இதைவிட அழகான சிந்தனையை நான் கண்டதில்லை. அவர் சுழலும் முள் ஒன்றைப் பயன்படுத்தினார். அதன் எளிய வடிவத்துக்கு ஒரு நாணயம் போதும்.

‘சான்றிதழ் வாங்க லஞ்சம் கொடுத்ததுண்டா?’ என்று ஆயிரம் பேரிடம் கேட்கிறோம். ஒவ்வொருவரும் நமக்குக் காட்டாமல் நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். பூ விழுந்தால் மறுபடி சுண்டி, தலை வந்தால் ‘ஆம்’ என்றும், பூ வந்தால் ‘இல்லை’ என்றும், உண்மை எதுவாக இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். இப்போது 310 பேர் ‘ஆம்’ என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 500 பேர் நாணயம் சொன்னபடி சொன்னவர்கள். அவர்களிடமிருந்து 250 ‘ஆம்’ வந்திருக்கும். எஞ்சிய 60, உண்மை சொன்ன 500 பேரிடமிருந்து வந்தவை. ஆக, லஞ்சம் கொடுத்தவர்கள் 12 விழுக்காடு. ஊரின் நிலை தெரிந்துவிட்டது. ஆனால் ‘ஆம்’ என்ற எவரையும் நோக்கி விரல் நீட்ட முடியாது, ஏனெனில் அவரைச் சொல்ல வைத்தது நாணயமாகவும் இருக்கலாம்.

இந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு. எல்லாரும் நேரடியாக உண்மை சொன்னால் கிடைக்கும் துல்லியத்தை இம்முறையில் எட்ட, இந்த எடுத்துக்காட்டில் ஏறத்தாழ எட்டு மடங்கு மக்களைக் கேட்க வேண்டியிருக்கும். வீடு வீடாகப் போகும் கள ஆய்வாளருக்கு அது பெரும் சுமை. கோடிக்கணக்கான பயனர்களை வைத்திருக்கும் நிறுவனத்துக்கோ அது ஒரு பொருட்டே அல்ல. எனவே, ‘சேவையை மேம்படுத்துவதற்காக’ என்று சொல்லி ஒவ்வொருவரின் விவரத்தையும் பச்சையாக அள்ளிக்கொள்ளும் பெருநிறுவனங்களின் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கூகுள் 2014-இல் குரோம் உலாவிக்காக வெளியிட்ட ‘ராப்போர்’ என்ற முறை, வார்னரின் உத்தியைக் கணினிக்குள்ளேயே நடத்திக் காட்டியது. விவரம் வெளியேறும் முன்பே அதில் நாணயம் சுண்டப்பட்டுவிடும்.

அங்கே ஒரு நுட்பம் தேவைப்பட்டது. நம் நாணய முறையில், லஞ்சம் கொடுத்தவர் ‘ஆம்’ என்பதற்கான வாய்ப்பு நான்கில் மூன்று. கொடுக்காதவர் ‘ஆம்’ என்பதற்கு நான்கில் ஒன்று. ஒரு ‘ஆம்’ நம் சந்தேகத்தை, அதாவது ‘கொடுத்தவர்’ என்பதற்கும் ‘கொடுக்காதவர்’ என்பதற்கும் உள்ள வாய்ப்பு விகிதத்தை, மூன்று மடங்காக்குகிறது. அதே ஆளிடம் மறுபடி கேட்டு, அவர் புதிதாகச் சுண்டி மீண்டும் ‘ஆம்’ என்றால் ஒன்பது மடங்கு. மூன்றாம் முறையும் அப்படியே என்றால் இருபத்தேழு. நாள்தோறும் கேட்கும் ஒரு செயலி சில வாரங்களில் உண்மையைக் கறந்துவிடும். ஆகவே ராப்போர், முதல் முறை சுண்டிய முடிவை நினைவில் வைத்துக்கொண்டு, அதே கேள்வி திரும்ப வரும்போதெல்லாம் அதிலிருந்தே பதில் தருமாறு அமைக்கப்பட்டது.

இந்த ‘எத்தனை மடங்கு’ என்பதையே 2006-இல் சிந்தியா டுவோர்க்கும் அவருடைய மூன்று சகாக்களும் அளவுகோலாக்கி, டிஃபரென்ஷியல் பிரைவசி என்ற கணித வரையறையைத் தந்தார்கள். கசிவின் உச்சவரம்பைக் குறிக்கும் எண்ணின் பெயர் எப்சிலான். சிறிதாக இருந்தால் பாதுகாப்பு அதிகம். நம் நாணயத்துக்கு அது மூன்றின் இயல் மடக்கை, அதாவது ஏறத்தாழ 1.1. அமெரிக்கா தன் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணைகளில் இதே தத்துவப்படி இரைச்சலை, அதாவது எண்களைச் சற்றே மாற்றும் தற்செயல் பிழைகளை, வேண்டுமென்றே கலந்து, மக்கள் பற்றிய விவரங்களுக்கு எப்சிலான் 17.14 என்று வெளிப்படையாக அறிவித்தது. என் பார்வையில் அது மிகப் பெரிய எண். ஆனாலும் அது அறிவிக்கப்பட்டதால்தான், கசிவு அதிகம் என்று ஒரு சாராரும், கலந்த இரைச்சலே கூடிவிட்டது என்று மறு சாராரும் வாதாட முடிந்தது. இறுதி எண் அறிவிக்கப்படும் முன்பே, இந்த முறையை எதிர்த்து அலபாமா மாநிலம் நீதிமன்றத்துக்கே போயிருந்தது.

இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பெரிதும் ஒப்புதலைச் சுற்றியே அமைந்துள்ளது. எவ்வளவு கசியும் என்ற எண் தெரியாமல் தரும் ஒப்புதலை முழுமையான ஒப்புதலாக நான் கருதவில்லை. அந்த எண்ணைக் கணக்கிட நம்மிடம் ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது: கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் அரிஜித் சௌதுரி போன்றோர் வார்னர் முறையைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வளர்த்திருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் தாங்கிய திட்டங்களுக்கெல்லாம் பணம் ஒதுக்கும் அரசு, அதில் சிறு பங்கையாவது நம் பல்கலைக்கழகங்களின் புள்ளியியல் துறைகளுக்குத் தந்து, அரசுச் செயலிகளின் எப்சிலானை அளந்து வெளியிடச் சொல்ல வேண்டும்.