நட்டஈட்டு வழக்கில் தோற்றால் செலவு யார் தலையில்?

"கேஸ் தோத்துட்டா தோட்டத்து லோயருக்கும் நாமதான் காசு கட்டணுமாமே தம்பி?"

இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி மூன்று வாரம் படுத்திருந்த ஓர் அக்கா கேட்டது இது. ஆஸ்பத்திரித் துண்டை நான்காக மடித்துச் சுருக்குப்பைக்குள் வைத்திருந்தார். ஆனால் நட்டஈடு கேட்டு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் யாரோ சொன்ன அந்த ஒரு பேச்சுதான் காரணம்.

சரி, சட்டத்தில் இருப்பது என்ன? வேலையில் காயம்பட்டவர்களுக்கென்று 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. கோரிக்கையை விசாரிப்பவர் நட்டஈட்டு ஆணையாளர். விசாரணைச் செலவை யார் கொடுப்பது என்பது அவருடைய தற்றுணிபு, அதாவது அவர் பார்த்து முடிவு செய்வது. தோற்றவர் கட்டியே ஆக வேண்டும் என்று தானாக வந்து விழும் விதி கிடையாது. அதற்காக ஒரு சதச் செலவும் வராது என்று யாரும் எழுதித் தரவும் முடியாது. பொய்யாகக் காயம் சொல்லிப் போனவரையும், உண்மையாகக் கொட்டு வாங்கியும் சாட்சி போதாமல் தோற்றவரையும் ஒரே தராசில் வைக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

நம்மவர்கள் குழம்புவது வேறோர் இடத்தில். எதிர்த்தரப்பின் செலவு ஒன்று, நமது சட்டத்தரணிக்குக் கொடுப்பது இன்னொன்று. இரண்டாவது, வென்றாலும் தோற்றாலும் நாம் பேசிக்கொண்டபடிதான். அதனால் முதல் நாளே கேட்டுவிடுங்கள்: மொத்தமாக எவ்வளவு, விசாரணைத் தவணை ஒவ்வொன்றுக்கும் தனியாகவா, தோற்றால் என்ன கணக்கு? கேட்கக் கூச்சப்பட வேண்டாம், கொடுத்த காசுக்கு ரசீதும் வாங்குங்கள். விசாரணைக்குப் போய்வரும் பஸ் காசும், வேலைக்குப் போகாததால் பேர் விழாத, அதாவது சம்பளம் இல்லாத, நாட்களும் இந்தக் கணக்கில் சேரும். அதை யாரும் சொல்லமாட்டார்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லை என்றால், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. குறைந்த வருமானக்காரருக்கு இலவசமாக உதவுவதுதான் அதன் வேலை. மாதாமாதம் சந்தா பிடிக்கும் தொழிற்சங்கத்தையும் சும்மா விடாதீர்கள். தோட்டத்திலுள்ள சங்கத் தலைவரிடம் சொல்லி, சங்கத்தின் காரியாலயத்திலிருந்து ஆளைக் கூட்டிவரச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆணையாளரிடம் போகாமல் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போட்டால் கதை வேறு. அங்கே தோற்றவர் எதிர்த்தரப்பின் வழக்குச் செலவைக் கொடுக்கும்படி தீர்ப்பு வருவது சாதாரணம். ஒரே விபத்துக்கு இரண்டு இடத்திலும் கேட்க முடியாது என்பதால், எந்தக் கதவைத் தட்டுவது என்பதை முதலிலேயே விசாரித்து முடிவெடுக்க வேண்டும்.

தோற்காமல் இருப்பதுதான் மலிவு. விபத்தை உடனே கங்காணியிடமோ கணக்கப்பிள்ளையிடமோ சொல்லி எழுத்தில் பதிய வையுங்கள். அன்றைக்குப் பேர் விழுந்த சிட்டை, டிஸ்பென்சரித் துண்டு, பக்கத்து நிரையில் நின்றவரின் வாக்குமூலம், இந்த மூன்றும் கையில் இருக்கட்டும். குடித்துவிட்டு வேலையில் நின்றதால் வந்த காயத்துக்கு, உயிர் போயிருந்தால் ஒழிய, நட்டஈடு இல்லை. விபத்து நடந்து 2 வருடத்துக்குள் கோரிக்கை போக வேண்டும்.

அந்த அக்காவுக்குக் குளவி கொட்டி ஒன்றரை வருடம் ஆகிறது. சுருக்குப்பைத் துண்டு மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. முதல் வேலையாக டவுனுக்குப் போய் மூன்று போட்டோ கொப்பி எடுத்தோம்.