பளபளப்பு வாய்க்குள் போக வேண்டாம்

போர் விளையாட்டு மினியேச்சர்களுக்கு, அதாவது சின்னஞ்சிறு வீரர் பொம்மைகளுக்கு, காசு வாங்கிக்கொண்டு பெயின்ட் அடித்துத் தருவது என் தொழில். ஸ்பேஸ் மரீன் என்ற கற்பனை விண்வெளி வீரன் ஆனாலும் சரி, இடைக்காலக் குதிரைவீரன் ஆனாலும் சரி, வேலையில் பெரும்பங்கு கவசம்தான். முறை பலருக்கும் தெரிந்ததே: அடிப்பூச்சாகக் கறுப்பு பிரைமர், மேலே லெட்பெல்ச்சர் மாதிரி ஒரு வெள்ளி நிறப் பெயின்ட், காய்ந்ததும் பள்ளங்களில் தங்கி நிழல் காட்டும் நல்ன் ஆயில் என்ற நீர்த்த கறுப்பு வாஷ், கடைசியில் விளிம்பில் மட்டும் பளிச்சென்று ஒரு கோடு.

அந்த வெள்ளி மினுங்குவதற்குக் காரணம், பெயின்டுக்குள் மிதக்கும் மைக்கா அல்லது அலுமினியச் செதில்கள். பிரஷ் கழுவிய தண்ணீரிலும் அவை மிதக்கும். அதே தண்ணீரைத் தொட்டுச் சிவப்பு அங்கிக்குப் போனால் அங்கியும் மினுங்கும். அதனால்தான் உலோக நிறத்துக்குத் தனிக் கப், தனி பிரஷ். இதை எல்லோரும் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள், கெட்டுப்போவது பொம்மை அல்லவா! நுனியைக் கூராக்க அதே பிரஷை உதட்டில் வைக்கும்போது செதில் எங்கே போகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

1920களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் பெயின்ட் பூசிய பெண்களுக்கு, பிரஷை உதட்டில் வைத்துக் கூராக்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பலர் தாடை எலும்பு அழுகி இறந்தார்கள். நம் பெயின்டில் ரேடியம் இல்லை, அந்த அளவுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் பழக்கம் அதேதான். ஈரமான டிஷ்யூ மேல் பிரஷைச் சாய்த்து உருட்டிப் பாருங்கள், நுனி தானாகக் கூடிவிடும்.

‘பாட்டிலில் ஏஎஸ்டிஎம் டி-4236 என்று போட்டிருக்கிறதே’ என்பார்கள். அது கலைப் பொருட்களின் லேபிளுக்கான ஒரு தர விதி. நாள்பட்ட உடல்நல அபாயம் ஏதும் இருந்தால் லேபிளில் சொல்லப்பட்டிருக்கும் என்பதே அதன் பொருள். விஷமில்லை என்று அது சான்று தரவில்லை.

எனக்கு அதிகக் கவலை, பெயின்டைக் காற்றால் பீய்ச்சும் ஏர்பிரஷ் பற்றித்தான். தண்ணீர் கலந்த பெயின்ட் என்பதால் மாஸ்க் போடாமல் அடிக்கிறார்கள். ஏர்பிரஷ் வழியாக வந்தபின் அது பிசினும் செதிலும் கலந்த நுண்துளி, நேராக மூச்சில் போகும். இதற்கு முகத்தில் இடைவெளியில்லாமல் பொருந்தும் என்95 வேண்டும், காற்றை வெளியே தள்ளும் ஸ்ப்ரே பூத் என்ற பெட்டியும் இருந்தால் நல்லது. ஸ்ப்ரே கேன் பிரைமர், லாக்கர் பெயின்ட், தின்னர் விஷயம் வேறு. அவற்றின் ஆவியை என்95 தடுக்காது, கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க்தான் தடுக்கும். பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ கூடாது.

அப்புறம், பழைய உலோக மினியேச்சர் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1990களுக்கு முன் வார்த்த பொம்மைகள் பலவற்றில் ஈயம் உண்டு. மேலே வெண்சாம்பல் தூள் பூத்திருந்தால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். அரம் போடுவதானாலும் நனைத்துப் போடுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளை அந்த மேஜைப் பக்கம் விடாதீர்கள், டீ டம்ளரையும் அங்கே வைக்காதீர்கள்.